எண்ணாகிப்போன பேராசிரியர்

சதுரங்கம் ஆடும் பிள்ளைகளிடம் 'எலோ' என்றால் என்னவென்று கேட்டிருக்கிறேன். ஏதோ ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்றுதான் பலரும் சொல்வார்கள். அது ஒரு மனிதரின் பெயர்.

ஆர்பாட் எலோ 1903 ஓகஸ்ட் 25 அன்று ஹங்கேரியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். 1913 இல் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். மில்வோக்கி நகரிலுள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்தார். விஸ்கொன்சின் மாநிலச் சதுரங்கச் சம்பியன் பட்டத்தை எட்டுத் தடவைகள் வென்றவர்.

1950 இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முதலாக 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. யார் தகுதியானவர் என்பதைக் கூடியிருந்தவர்களே தீர்மானித்தார்கள். அமெரிக்கச் சம்மேளனத்திடம் ஒரு புள்ளிமுறை இருந்தது. ஆனால், பலமானவர்களுடன் மோதி எல்லா ஆட்டங்களிலும் தோற்றவருக்கும் புள்ளி கூடிவிடக்கூடிய ஓட்டை அதில் இருந்தது.

எலோ அதைப் புள்ளிவிபரவியல் கொண்டு திருத்தி அமைத்தார். சமபலமுள்ள இருவர் மோதினால் ஆளுக்குப் பாதிப் புள்ளி எதிர்பார்க்கப்படும். 200 புள்ளிகள் வித்தியாசம் என்றால், பலமானவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் எடுக்கவேண்டும். எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளிதான் தரப்புள்ளியை ஏற்றி இறக்கும். ஓர் ஆட்டத்தில் ஆகக்கூடியது 20 புள்ளிகள் மாறலாம் என்று வைத்துக்கொள்வோம். 1600 புள்ளிக்காரர் 1800 புள்ளிக்காரரை வென்றால் அவருக்கு 15 புள்ளிகள் கூடும். 1800 புள்ளிக்காரர் வென்றாலோ அவருக்குக் கிடைப்பது 5 தான்.

1960 இல் அமெரிக்கச் சம்மேளனமும் 1970 இல் உலகச் சம்மேளனமும் இந்த முறையை ஏற்றன. பல ஆண்டுகள் உலகப் பட்டியலை எலோவே கணக்கிட்டுக் கொடுத்தார். 1992 நவம்பர் 5 அன்று காலமானார். பீபாவின் மகளிர் உதைபந்தாட்டத் தரவரிசை 2003 இலிருந்தும், ஆடவர் தரவரிசை 2018 இலிருந்தும் இதே கணக்கைத் தழுவியே நடக்கின்றன.

யாருடைய சிபாரிசும் இல்லாத ஒரு சிறிய நாட்டுப் பிள்ளைக்கும் பெரிய நாட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோலைத் தந்ததே எலோ செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். அந்த எண் குறைந்துவிடும் என்று பயந்து போட்டிகளைத் தவிர்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. எலோவின் கணக்குக்கு ஆடிய ஆட்டங்கள் வேண்டும். ஆடாமல் காப்பாற்றிய எண் பழைய பலத்தை மட்டுமே சொல்லும்.