சோப்புக் கரைசலும் மக்பெயினும்

சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோடியம் லாரைல் சல்பேட் கரைசலின் மின்கடத்துதிறனை அளந்தேன். சோப்பின் உறவுக்காரப் பொருள் அது. செறிவு கூடக்கூட நேராக ஏறிய கோடு, லிட்டருக்கு 8 மில்லிமோல் அருகே திடீரென மடிந்து சாய்வு குறைந்தது. என் கைத்தவறு என்றெண்ணி, மடிப்பை மறைத்து நேர்கோடாக வரைந்து கொடுத்துவிட்டேன். விரிவுரையாளரோ அந்த மடிப்பைத்தான் தேடினார். அன்று மாலை நூலகத்தில் நான் தேடிப் படித்த வாழ்க்கை ஜேம்ஸ் வில்லியம் மக்பெயினுடையது.

1882இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பிறந்தவர். டொராண்டோவிலும் ஜெர்மனியிலும் பயின்று, 1906இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு ஆசிரியராக வந்தார். அங்கே மில்லிசென்ட் டெய்லர் என்ற அம்மையார் முதலியோருடன் சேர்ந்து சூடான சோப்புக் கரைசல்களை அளந்தார். அளவுகள் முரண்பட்டன. ஆவியழுத்தத்தைப் பார்த்தால் கரைசலில் துகள்கள் குறைவு. மின்கடத்தலைப் பார்த்தாலோ அயனிகள் ஏராளம்! இரண்டில் ஒன்று பிழையென்று என்னைப் போன்றவன் தள்ளியிருப்பான். மக்பெயின் இரண்டையும் நம்பினார். சோப்பு அயனிகள் பல ஒன்றாகத் திரண்டு, தம் மின்னூட்டத்தோடு ஒரே துகளாக நகர்கின்றன என்றார். ஆகவே எண்ணிக்கை குறைவு, கடத்தல் மிகுதி. 1913இல் அத்திரளுக்கு மிசெல் என்று பெயரிட்டார்.

ஒரே வகை மின்னூட்டம் உடையவை விலகத்தானே செய்யும், எப்படிக் கூடும்? லண்டனில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அறிஞர் அக்கருத்தை அபத்தமென்று ஒதுக்கியதாகக் கதை உண்டு. விடை வெப்ப இயக்கவியலில் இருக்கிறது. சோப்பு மூலக்கூற்றுக்கு நீரை விரும்பும் தலையும் எண்ணெய்த் தன்மையுள்ள வாலும் உண்டு. வால் தனித்து நின்றால் அதைச் சுற்றிய நீர் ஒழுங்குக்குள் கட்டுண்டு கிடக்கும். வால்கள் திரளுக்குள் ஒதுங்கினால் நீர் விடுபடும், என்ட்ரோபி பெருகும். இந்த ஆதாயம் தலைகளின் விலக்கலை வெல்லும் செறிவில் மிசெல் பிறக்கிறது. அந்த விலக்கலே திரள் எல்லையின்றிப் பெருகாமலும் தடுக்கிறது. என் கரைசலில் ஒரு மிசெலுக்கு ஏறக்குறைய 60 மூலக்கூறுகள்தாம்.

எல்லாவற்றிலும் அவர் வென்றார் என்பதற்கில்லை. பெரிய திரள்கள் அடுக்குத் தகடுகள் என்று அவர் பிடிவாதமாய் நம்பினார். 1936இல் ஹார்ட்லி உருண்டை வடிவத்துக்காக வாதிட்டார். நீர்த்த கரைசல்களைப் பொறுத்தமட்டில் ஹார்ட்லி பக்கமே நியாயம்.

1927இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஓய்வுபெற்ற பின் நம் நாட்டுக்கு வந்து, 1950இல் திறக்கப்பட்ட புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1953இல் மறைந்தார்.

மறுவாரம் அனுமதி பெற்று அதே கரைசலை மீண்டும் அளந்தேன். ஏறக்குறைய அதே இடத்தில் கோடு மடிந்தது. இம்முறை அப்படியே வரைந்தேன்.