கழற்றிப் பார்த்த ஜி.டி. நாயுடு

ராஜா அண்ணாமலைபுரத்துல நம்ம நண்பனோட பிக்கப் வண்டி ரொம்பத் தூக்கிப் போடுது. ஆயில் கசிவா, புஷ் தேய்மானமா, ஓவர்லோடா? எதையும் பார்க்காம புது ஷாக் அப்சார்பர் வாங்க ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பிட்டான்.

1893-ல் கோவை கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு வேற ரகம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள் மேல ஆசைப்பட்டு, ஹோட்டல் சர்வரா உழைச்சு அதையே வாங்கினார். உடனே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, திரும்ப மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி வழியில் ஒரே பஸ்ஸோடு தொடங்கியது, யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1945-ல் கோவையில் இன்ஜினியரிங் கல்லூரி உருவாக்கியவர், நாலு வருஷப் படிப்பு நேர விரயம்னு விலகினார். 1974-ல் மறைந்தார்.

அந்த நாலு வருஷத்தைப் படிக்கிற நாம, காசு கொடுக்குறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில குனிஞ்சாவது பார்க்கலாமே மச்சி!