வானத்தை அளந்த தமிழர்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கென்று மாணாக்கர்க்குக் கற்பித்து வருபவன் யான். கண்ணுக்குப் புலனாகா வளியை எவ்வாறு அளப்பது என்று பெரியமடு மாணவனொருவன் வினவியபோது, கே. ஆர். இராமநாதனின் வரலாற்றையே விடையாகக் கூறினேன்.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-இல் தோன்றிய அப்பெரியார், திருவனந்தபுரத்தில் கல்லூரிப் பணியாற்றி, கல்கத்தாவில் சர் சி. வி. இராமனுடன் ஆய்வு செய்து, 1925-இல் இந்திய வானிலைத் துறையிற் புகுந்தார். 1948-இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார்.

அவர் கைக்கொண்டது டாப்சன் கருவி. ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களுள் ஓசோன் மிகுதியாக உட்கொள்வது ஒன்று. குறைவாக உட்கொள்வது மற்றொன்று. அவ்விரண்டின் ஒளிவலிமையை ஒப்புநோக்கி, தலைக்குமேலுள்ள ஓசோனின் அளவை அக்கருவி காட்டும். அவ்வளி முழுவதையும் தரைமட்ட அழுத்தத்தில் திரட்டினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே தேறும். அம்மெல்லிய போர்வையே கடுங்கதிரினின்றும் உயிர்களைக் காப்பது.

நாடோறும் இதனை அளப்பதாற் பயன் யாது என்றான் மாணவன். இராமநாதன் மறைந்தது 1984 டிசம்பர் 31-இல். ஐந்து திங்கள் கழியுமுன்னரே, அண்டார்க்டிக்காவில் ஓசோன் பெரிதும் குன்றிய செய்தி வெளிவந்தது. அதனை அறிவித்ததும் டாப்சன் கருவியே. 1987-இல் மொன்றியலில் நாடுகள் உடன்படிக்கை கண்டன. பல்லாண்டு பொறுமையுடன் அளந்து வைத்தோர் இலராயின், குறைந்ததை எங்ஙனம் உணர்ந்திருப்போம்?

மன்னார் வெயிலில் நடக்குந்தோறும் அவரை நினைக்கின்றேன்.