படிப்பைப் பொதுவாக்கிய பண்டிதர்

பண்டிதர் அயோத்திதாசர் 1845ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார்; இயற்பெயர் காத்தவராயன். தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகவே திருக்குறள் ஏட்டுச்சுவடி அச்சேறும் பொருட்டு எல்லிசு துரையிடம் சேர்ந்தது என்பதை அவரே எழுதி வைத்துள்ளார். ஏடு வீட்டில் உறங்கலாகாது என்பதை அக்குடும்பம் அறிந்திருந்தது.

1898இல் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலையோ ஏழைக்கும் எட்டியது. கோலார் தங்கவயல் வரை சங்கக் கிளைகள் பரவின. ஆங்கு நிகழ்ந்த சொற்பொழிவுகளால் பள்ளி செல்லாதோரும் செவிவழிக் கல்வி பெற்றனர். 1914 மே 5இல் பண்டிதர் மறைந்தார்.

கொல்லிமலை இளைஞர்களே! நம் நூலக அலமாரி பூட்டிக் கிடப்பின் பயன் யாது? ஒருவர் படிக்க, பலர் கேட்டு வினவும் கூட்டத்தை வாரந்தோறும் நடத்துவோம். பண்டிதருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.