நெவாசா கப்பலில் புறப்பட்ட கும்பகோணத்து மாணவர்

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி காலை, சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘நெவாசா’ என்ற கப்பல் லண்டனை நோக்கிப் புறப்பட்டது. அதில் ஏறியவர்களில் ஒருவர் கும்பகோணத்தில் வளர்ந்த 26 வயது இளைஞர். அவர் அணிந்திருந்த மேல்நாட்டு உடையும் காலணியும் அவருக்குப் புதியவை. புறப்படும் முன்புதான் குடுமியை எடுத்திருந்தார். தாயும் மனைவியும் துறைமுகத்தில் இல்லை. இந்தக் கோலத்தில் அவர்கள் தம்மைப் பார்க்க வேண்டாம் என்று அவர்களை முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த மாணவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

நெவாசா, ‘பிரிட்டிஷ் இந்தியா’ கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. இந்தப் பெயர் மலேசியத் தமிழர்களுக்கும் பழக்கமானதுதான். அதே கம்பெனியின் கப்பல்கள்தான் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் பாட்டன் பூட்டன்களைப் பினாங்குக்கும், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தன. பெம்பான், ஜாசின் வட்டாரத்தில் இன்று வாழும் பல குடும்பங்களின் கதையும் அப்படிப்பட்ட ஒரு கப்பலில்தான் தொடங்குகிறது. மேல்தட்டில் மூட்டை முடிச்சுகளோடு படுத்து வந்தவர்கள் அவர்கள். ராமானுஜனோ பல்கலைக்கழகத்தின் செலவில், பெரிய மனிதர்கள் வழியனுப்பப் போனார். ஆனாலும் தெரியாத நாட்டில் போய் இறங்கிய முதல் நாள்களில் அவர் பட்ட பாடு, நம் முன்னோர் பட்ட பாட்டுக்கு வெகு தூரத்தில் இல்லை.

30 ரூபாய் குமாஸ்தா

ராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடுபவர். கணக்கில் அளவு கடந்த ஆர்வம் இருந்ததால் மற்றப் பாடங்களில் ராமானுஜனின் மனம் செல்லவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். பட்டம் இல்லை, வேலையும் இல்லை. 1909இல் ஜானகியுடன் திருமணம் ஆனது.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். இருவரும் இரவு நேரங்களில் சிலேட்டில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். தாம் கண்டுபிடித்த கணித வாய்பாடுகளையும் அதோடு வைத்து அனுப்பினார். அதைப் படித்த ஹார்டி வியந்துபோய், இங்கிலாந்துக்கு வரும்படி அழைத்தார்.

அந்த அழைப்பை ராமானுஜன் உடனே ஏற்கவில்லை. கடல் கடந்து போனவரைச் சாதியிலிருந்து விலக்கி வைக்கும் வழக்கம் அவருடைய குடும்பத்தாரிடையே இருந்தது. தாயும் சம்மதிக்கவில்லை. 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில், நேரில் பேசி அவர் மனத்தை மாற்றினார். குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து, மகனைத் தடுக்க வேண்டாம் என்று சொன்னதாகக் கோமளத்தம்மாளும் பிறகு இணங்கினார்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை ஒதுக்கியது. கப்பல் செலவுக்கும் துணிமணிக்கும் தனியாக 100 பவுன் கொடுத்தது. ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் 250 பவுன் என்பது 3,750 ரூபாய். துறைமுகத்தில் அவர் ஓர் ஆண்டு முழுவதும் வாங்கியது 360 ரூபாய்தான். உதவித்தொகையில் 50 பவுனை ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர் கப்பல் ஏறினார். தோட்டத்திலிருந்து மாதாமாதம் ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

கடலில் நான்கு வாரம்

வழியனுப்ப வந்தவர்களில் துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ‘தி இந்து’ நாளிதழின் கஸ்தூரிரங்க ஐயங்காரும் இருந்தார்கள். நாராயண ஐயர் தம் சிலேட்டைக் கொடுத்துவிட்டு, ராமானுஜனின் சிலேட்டை நினைவாக வாங்கி வைத்துக்கொண்டார். கப்பலில் சைவ உணவு கிடைக்கவும் முன்னதாகவே சொல்லி வைத்திருந்தார்கள். கப்பல் நகர்ந்தபோது ராமானுஜனின் கண்கள் கலங்கியிருந்தன.

முதல் சில நாள் கடல் மயக்கம் அவரைப் படுத்தியது. கொழும்பைத் தாண்டி அரபிக் கடலுக்குள் போன பிறகு உடம்பு பழகிக்கொண்டது. ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் என்று போன கப்பல் ஏப்ரல் 14ஆம் தேதி லண்டனை அடைந்தது. புறப்பட்டு நான்கு வாரம் ஆகியிருந்தது. நெவில் காரோடு வந்து துறைமுகத்தில் காத்திருந்தார். இந்திய மாணவர்கள் வந்ததும் தங்குவதற்காக லண்டன் குரோம்வெல் சாலையில் இருந்த ஒரு விடுதியில் ராமானுஜன் சில நாள் இருந்தார். பிறகு கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டுக்குப் போனார். ஜூன் மாதம் வரை நெவிலும் அவருடைய மனைவியும் அவரைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் டிரினிட்டி கல்லூரி அறைக்கு மாறினார்.

போர்வைக்கு மேல் படுத்தவர்

படிப்பில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அந்த ஆண்டே ‘பை’ எண்ணின் மதிப்பைக் கண்டறியும் வழிகளைப் பற்றிய அவரது கட்டுரை இங்கிலாந்தில் வெளிவந்தது. அதில் இருந்த ஒரு வாய்பாட்டை வைத்து 1985இல் கணினியில் ‘பை’யின் மதிப்பை 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார்கள். சிரமமெல்லாம் அன்றாட வாழ்க்கையில்தான் இருந்தது. காலணி காலைக் கடித்தது. அறைக்குள் செருப்போடு நடந்தார். கல்லூரி உணவில் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தால் அங்கே சாப்பிடாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார்.

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மஹலநோபிஸ் ஒரு நாள் அவருடைய அறைக்குப் போனார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர் இவர்தான். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேல்கோட்டைப் போட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பதாகவும் ராமானுஜன் சொன்னார். போர்வை போதவில்லையோ என்று மஹலநோபிஸ் கட்டிலைப் போய்ப் பார்த்தார். போர்வைகள் நிறையவே இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு சேர்த்து இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றுக்கு அடியில் நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல் ராமானுஜன் விரிப்பின் மேலேயே படுத்துவந்திருக்கிறார். போர்வையை எப்படி விலக்கிப் படுப்பது என்று மஹலநோபிஸ் காட்டிக் கொடுத்தார்.

இதைப் படித்துச் சிரிப்பது எளிது. உலகமே வியந்த மூளை அது. இருந்தும், குளிர்கிறது, என்ன செய்வது என்று பக்கத்து அறைக்காரரிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அவருடைய இயல்பே அப்படித்தான். ஒருமுறை நண்பர் சாட்டர்ஜியையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்து, தாமே சமைத்து ரசம் பரிமாறினார். மூன்றாவது முறை ஊற்ற வந்தபோது பெண்கள் போதும் என்றார்கள். ராமானுஜன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே போனவர், திரும்பி வரவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து, 5 பவுன் அனுப்பும்படி சாட்டர்ஜிக்கு அவரிடமிருந்து தந்தி வந்தது. சமைத்ததை மறுத்துவிட்டார்களே என்ற வருத்தம் அவரை ஊரை விட்டே போக வைத்திருந்தது.

முதல் உலகப் போர் 1914 ஜூலை இறுதியில் தொடங்கியது. காய்கறியும் பாலும் கிடைப்பது சிரமமாயிற்று. வேலையில் மூழ்கினால் வேளைக்குச் சாப்பிடுவதும் தூங்குவதும் அவரிடம் இல்லை. 1917இல் நோயில் விழுந்து, மருத்துவமனை மாறி மருத்துவமனையாக இருந்தார். மனச்சோர்வு எல்லை மீறி, லண்டனில் ரயில் முன் விழுந்து உயிர் தப்பிய நாளும் உண்டு. 1918இல் எஃப்.ஆர்.எஸ். என்ற உயரிய சிறப்பும், டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ பதவியும் அவருக்குக் கிடைத்தன. 1919 மார்ச்சில் வேறொரு கப்பலில் ஊர் திரும்பியபோது உடம்பு மிகவும் மெலிந்திருந்தது. படுக்கையில் இருந்தபடியே 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். அதே ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அப்போது வயது 32.

கடல் கடந்த தோஷம் கழிய மகனை ராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று தாய் நினைத்திருந்தார். நோயின் கடுமையால் அது நடக்கவில்லை. அதனால் ஆசாரம் பார்த்த உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு கப்பல் ஏறத் தயங்கியபோது எதற்குப் பயந்தாரோ, அது கடைசி நாளில் நடந்தது. அந்தச் சடங்கு நடக்க உதவியவர், இளமையிலிருந்தே அவரை ஆதரித்த ராமச்சந்திர ராவ். ஜானகி அம்மாள் சென்னையில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார்.

இன்று பெம்பானிலிருந்து ஒரு பிள்ளை வெளிநாட்டில் படிக்கப் போனால் சில மணி நேரத்தில் போய் இறங்கிவிடுகிறது. இரவே வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்றுதான் பிள்ளை சொல்லும். அந்தப் பதிலோடு நிற்காமல் அறைக்குள் வந்து, கட்டில் வரை போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய ஒரு மஹலநோபிஸ் அந்த ஊரில் இருக்கிறாரா என்பதையும் விசாரித்து வைப்பது, புறப்படும் முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகளில் ஒன்று.