அணுக்கருவின் மறுமொழி

இசிடோர் ஐசக் ராபி, 1898ஆம் ஆண்டு கிழக்கு ஐரோப்பாவின் ரிமனோவ் என்னும் ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக நியூயார்க் வந்து, வறுமையில் வளர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

காந்தப்புலத்திலுள்ள அணுக்கருக்கள், தமக்குரிய அதிர்வெண் கொண்ட வானொலி அலை படும்போது நிலை மாறுவதை அவர் ஆய்ந்து காட்டினார். அதற்கு 1944ஆம் ஆண்டுக்குரிய இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இயற்கையை அறியும் வேட்கையன்றி, மருத்துவப் பயன் எதையும் அவர் கருதவில்லை.

பின்வந்த அறிஞர்கள் அவ்வறிவை வளர்த்தனர். உடல்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் குறிப்பலைகளைக் கொண்டு, கத்தி படாமலே மூளையையும் தண்டுவடத்தையும் படமாக்கும் எம்.ஆர்.ஐ. கருவி உருவாயிற்று.

ராபி 1988இல் மறைந்தார். இறுதிக் காலத்தில், நோயுற்ற அவரை மருத்துவர்கள் அக்கருவியினுள் கிடத்தினர். அதன் பளபளத்த உட்புறத்தில் தம் முகத்தைக் கண்டு வியந்தார். பயன் கருதாது விதைத்த அறிவு, விதைத்தவருக்கே துணையாய்த் திரும்பி வந்தது.