எண்களால் உயிர் காத்தவர்: புளோரன்ஸ் நைட்டிங்கேலும் சென்னை மாகாணமும்

பட்டினப்பாக்கத்திலிருந்து சாந்தோம் வழியாக மெரினா கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், கூவம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நேப்பியர் பாலத்தைக் கடப்பீர்கள். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அது. மாகாணத்தின் சுகாதாரம் குறித்து அவர் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர்களுள் ஒருவர், இந்திய மண்ணில் ஒருநாளும் கால் பதிக்காத புளோரன்ஸ் நைட்டிங்கேல்.

கையில் விளக்கேந்திய செவிலியராகவே அவரைப் பள்ளிப் பாடத்தில் அறிந்திருப்பீர்கள். அவர் பிறந்த மே 12 உலகச் செவிலியர் நாளாகவும் கொண்டாடப்படுகிறது. ஆயினும் அவர் போர்க்கள மருத்துவமனையில் பணியாற்றியது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே. அதன்பின் பல பத்தாண்டுகள் அவர் ஆற்றிய பணியை இன்று நோய்ப்பரவியல் ஆலோசனை, நலவாழ்வுப் பொருளியல், மருத்துவத் தரவுப் பகுப்பாய்வு என்ற பெயர்களால் குறிப்பிடுகிறோம். அப்பணிக்கு அவருக்குப் பதவியும் இல்லை, ஊதியமும் இல்லை.

1820ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். கிரிமியப் போரின்போது, 1854இல், துருக்கியின் ஸ்குடாரி இராணுவ மருத்துவமனைக்குச் செவிலியர் குழுவுடன் சென்றார். 1855 பிப்ரவரியில் அங்கு நூறு நோயாளிகளுக்கு 42 பேர் இறந்தனர். ஜூன் மாதத்தில் அது 2 பேராகக் குறைந்தது. இடைப்பட்ட மாதங்களில் கழிவுநீர்க் கால்வாய்கள் தூய்மை செய்யப்பட்டன, குடிநீர் சீராக்கப்பட்டது, அறைகளுக்குள் காற்று வர வழி செய்யப்பட்டது. குண்டடி பட்டு இறந்தவர்களைவிடக் காலரா, வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல் ஆகியவற்றால் இறந்தவர்களே மிகப் பலர். நாடு திரும்பியதும் புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரின் துணையுடன் இவ்வுண்மையை வண்ண வட்ட வரைபடமாக வெளியிட்டார். தடுக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த மரணங்கள் நீல நிறம்; காயங்களால் நேர்ந்தவை சிவப்பு. அமைச்சர்கள் அட்டவணையைப் படிக்கமாட்டார்கள், படத்தைப் பார்ப்பார்கள் என்பது அவர் கணிப்பு. அது பொய்க்கவில்லை. 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

மறு ஆண்டு, இந்தியாவிலுள்ள படைகளின் சுகாதார நிலையை ஆராய அரச ஆணையம் அமைக்கப்பட்டது. பெண் என்பதால் அதில் அவருக்கு இடமில்லை. ஆனால் வினாப்படிவம் அவர் கையில் உருவானது. குடிநீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? ஒருவருக்குப் படுக்க எவ்வளவு இடம்? எத்தனை பேர், எந்த நோயால் இறந்தனர்? இவ்வினாக்கள் சென்னை மாகாணப் படை நிலையங்கள் உட்பட நாடெங்கும் அனுப்பப்பட்டன. விடைகள் வண்டி வண்டியாக அவரிடம் வந்து சேர்ந்தன. நோயுற்றுப் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்த அவர் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார்.

கிடைத்த எண் இது: இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படைவீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தனர். இங்கிலாந்தில் அதே வயது ஆண்களிடையே அது ஏறத்தாழ 9 மட்டுமே. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 69 என்பது தனியே நின்றால் வெப்ப நாட்டின் விதி என்று சொல்லிவிடலாம். 9 பக்கத்தில் வந்தவுடன், மிகுதியான 60 உயிர்களுக்கு யார் பொறுப்பு என்ற வினா எழுகிறது. அவர் பணத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வீரனைச் சேர்த்து, பயிற்றுவித்து, கப்பலேற்றி அனுப்ப ஆகும் செலவோடு ஒப்பிட்டால் வடிகால் மலிவு என்பது அவர் வாதம்.

1863இல் ஈராயிரம் பக்க அளவில் அறிக்கை வெளிவந்தது. பொதுமக்களுக்கான சுருக்கப் பதிப்பிலிருந்து அவருடைய பகுப்பாய்வு விடப்பட்டதால், அதைத் தனிநூலாக வெளிவரச் செய்தார். 1864இல் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. 1873இல் படையின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்துவிட்டதென அவர் எழுதினார். குறுகிய காலப் படைப்பணி போன்ற பிற மாற்றங்களும் இதற்குக் காரணம்; முழுப் புகழையும் அவருக்கே அளிப்பது பொருந்தாது.

படை முகாமுக்கு வெளியே வாழ்ந்த மக்கள்? அவர்கள் எத்தனை பேர் என்பதே சரிவரத் தெரியாதபோது இறப்பு வீதம் காண இயலாது. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சென்னை மாகாண அறிக்கையைத் தயாரித்தவர் மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் என்பது தற்செயலன்று. (இன்று ஓர் இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுமாறு சட்டம் உங்களைக் கேட்பதும் இக்கணக்கின் தொடர்ச்சியே.) 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில், நிவாரணக் கூலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானிய அளவாகக் குறைக்கப்பட்டபோது, அது உயிர் தாங்கப் போதாதென வாதாடியவரும் இந்தக் கார்னிஷ்தான். இலண்டனிலிருந்து நைட்டிங்கேல் பாசனக் கால்வாய்களையும் உழவர்களின் கடன் சுமையையும் பற்றி எழுதினார். படைவீரரில் தொடங்கிய அவர் கவனம் இப்போது கிராமத்தை அடைந்திருந்தது.

காலரா எவ்வாறு பரவுகிறது என்பதில் அவர் நெடுங்காலம் பிழைபட்டிருந்தார் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். துர்நாற்றக் காற்றே நோய் தருகிறது என நம்பினார். கிருமிக் கொள்கையை ஏற்கத் தயங்கினார். எனினும் நாற்றத்தைப் போக்க அவர் கேட்ட தூய குடிநீரும் மூடிய வடிகாலும் கிருமிக்கும் தடையாகவே அமைந்தன.

முதுமையில் பார்வை மங்கியது, நினைவும் தளர்ந்தது. இந்தியாவின் சுகாதார ஆவணங்கள் மட்டும் வழக்கம்போல் அவர் இல்லத்துக்கு வந்துகொண்டிருந்தன. இனி அனுப்பிப் பயனில்லை என்று 1906இல் இந்திய அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. 1910 ஆகஸ்ட் 13 அன்று, தமது 90ஆம் வயதில் இலண்டனில் காலமானார்.